மெல்லப் போனால் நிற்காத வண்டி

எங்கள் வண்டி முதல் தடவை நின்றது விழுப்புரம் ரோட்டில், மண்டகப்பட்டுக்குத் திரும்புகிற வழிக்குக் கொஞ்சம் முன்னால். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முதலில் தும்மல் வரப்போகிற ஆள் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சத்தமே இல்லாமல் உருண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டது. நிழல் பார்த்து நின்றதில் மட்டும் அதற்கு நல்ல புத்தி.

"நின்னுட்டுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது தெரியுது. ஏன் நின்னுது?"

"அதைத்தான் பார்க்கணும்" என்று இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, காதை உள்ளே கொடுத்துக்கொண்டு நின்றார்.

காதைக் கொடுப்பது அவருடைய தொழில். செஞ்சி கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். பன்னிரண்டு மெஷின். எது எந்த எழுத்தில் சிக்குகிறது என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவார். ரிப்பேரும் அவரே. அதனால் மெஷின் என்று எது இருந்தாலும் அது தன் சொல்பேச்சைக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் அதே ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. "புள்ளை பெத்துக்கடின்னா காரு வாங்கிக்கினு சுத்துதுங்க" என்று எதிர்வீட்டு அம்மா குழாயடியில் சொன்னதாக என் காதுக்கும் வந்தது.

வண்டி பாண்டிச்சேரியில் ஒரு வயதான டாக்டரிடம் இருந்தது. மகளோடு இருக்க வெளிநாட்டுக்குப் போகிறவர் அதை இவர் தலையில் கட்டினார் என்று ஊரே சொன்னது. கட்டவில்லை, இவர்தான் தலையை நீட்டினார். எங்கள் வயதைவிட அதற்கு வயது கொஞ்சம் கூட. கறுப்பு நிறம், ஆமை மாதிரி முதுகு, இரண்டு பக்கமும் உருண்டை விளக்கு. என்ன கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடந்தது எதிலும் கம்பெனிக்காரன் தப்பு இல்லை என்பதால் அவன் பேர் எதற்கு?

அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதன் பம்பு. சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள்ளிருந்து டிக்டிக்டிக்டிக் என்று சத்தம் வரும். பின்னால் டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை அந்தச் சின்ன கரண்ட் பம்பு உறிஞ்சி முன்னால் கார்புரேட்டருக்குத் தள்ளும். கார்புரேட்டரில் காற்றோடு கலந்து எஞ்சினுக்குப் போகும். கார்புரேட்டர் நிரம்பியதும் பம்பு தானாக வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் வண்டி குடிக்கக் குடிக்க, விட்டுவிட்டு ஒரு டிக். சாப்பாடு போதும் என்று சொல்லத் தெரிந்த மெஷின் அது ஒன்றுதான் நான் பார்த்தது.

அன்றைக்குப் பத்து நிமிஷம் புளியமரத்தடியில் இருந்தோம். இவர் ஒரு வயரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினார். சாவியைத் திருப்பினார். டிக்டிக்டிக், வண்டி கிளம்பிவிட்டது.

"பாத்தியா, வயரு" என்றார்.

அரை மணியில் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை நிழல் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இதே கதை. ஊருக்குள் ஓட்டினால் சொக்கத்தங்கம். பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ், கோட்டை வாசல் வரைக்கும் போய்வந்தால் ஒரு குறையும் இல்லை. ரோட்டில் ஏறி கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டினால் இழுப்பு, தும்மல், நிற்பது. பத்து நிமிஷம் சும்மா விட்டால் தானாகக் கிளம்பும். அந்தப் பத்து நிமிஷத்தில் இவர் எதைத் தொட்டாரோ அதுதான் வியாதி என்று ஆகிவிடும். ஒரு நாள் வயர், ஒரு நாள் பிளக்கு, ஒரு நாள் ரேடியேட்டர் மூடி. ஒருநாள் நான் கதவைத் திறந்து இறங்கி, காலை உதறிவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன், கிளம்பிவிட்டது. "உன் வெயிட்டுதான் காரணம் போல" என்றார். அன்றைக்கு வீடு வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் பாய் ஷெட் போட்டிருந்தார். ஊரில் அம்பாசடர், வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஐம்பது வயது, ஒல்லி, தனியாள். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார், வைத்தால் ஸ்பேனரைத் தேடுவதற்கே பாதி நாள் போகிறது என்பார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இந்த மாதிரி வண்டி கையில பட்டு எத்தினி வருஷம் ஆச்சு சார்! குட்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

பார்த்தார். முதலில் சூடு என்றார். வெயில் காலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் போகிறது, ஈரச்சாக்கைச் சுற்றுங்கள் என்றார். சுற்றினோம். ஈரச்சாக்கோடு நின்றது. அடுத்து கார்புரேட்டரைக் கழற்றி, துளி அழுக்கில்லாமல் கழுவி, உள்ளே பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை ஊதிப் பார்த்து மாட்டினார். நின்றது. மறுபடியும் கழற்றினார். மூன்றாம் தடவை கழற்றும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு மேல கழுவினா தேஞ்சிபூடும் சார்."

டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று இல்லாமல் பெட்ரோல் இறங்காது, அடுத்த தடவை நின்றால் மூடியைத் திறந்து பாருங்கள் என்றும் சொன்னார். திறந்து பார்த்தோம். மூடியில் ஓட்டை சுத்தமாக இருந்தது. திறந்துவைத்தே ஓட்டினோம். அப்படியும் நின்றது.

இந்த நேரத்தில்தான் இவருக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியில் தப்பில்லை, பாய் வேலையில் தப்பில்லை, தன் காதில் தப்பே இருக்க முடியாது. ஆகவே பெட்ரோலில் தண்ணீர்.

நாங்கள் வழக்கமாகப் போடுகிற பங்க் ஊரைத் தாண்டி ஒரு சின்ன பங்க். அதை நடத்தியவர் நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா, அதிகம் பேசாதவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு லாரி நின்றிருந்தது, ஒரு டிராக்டர், நாலைந்து பைக். இவர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஹலோ சொல்லக்கூட இல்லை.

"இன்னா கலக்குறீங்க பெட்ரோல்ல? தண்ணியா, கிருஷ்ணாயிலா?"

அவர் திகைத்துப்போய் நின்றார். "என்ன சார் சொல்றீங்க?"

"ரெண்டு மாசமா நடுரோட்டுல நின்னுக்கினு இருக்கேன். உங்க பெட்ரோல் போட்ட பிறகுதான். நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் சத்தமா சொல்றேன்."

லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பங்க்காரர் உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துவந்தார். குழாயிலிருந்து பெட்ரோலைப் பிடித்தார். அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"பாருங்க சார்."

"பகல்ல ஒண்ணு, ராத்திரியில ஒண்ணு ஊத்துவீங்க" என்று சொல்லிவிட்டு இவர் வண்டியில் ஏறிவிட்டார். அவர் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றார். நான் முன்சீட்டில் தலையைக் குனிந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளோ எப்போதும் போல முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பெட்ரோலுக்குத் திண்டிவனம் ரோட்டில் வேறொரு பங்க்குக்குப் போனோம். அந்தப் பெட்ரோலிலும் வண்டி நின்றது. இவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அந்த ஆவணியில் இவருடைய சிநேகிதர் ஒருவரின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்கள் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். செஞ்சியில் அது மாதிரி வண்டி வேறு கிடையாது. நான் வேண்டாம் என்றேன். நாதஸ்வரம், மேளம், ஊர்ச்சனம் எல்லாம் முன்னால் போய்க்கொண்டிருக்க, மாப்பிள்ளை நடுத்தெருவில் புகையோடு நின்றால் யாருக்கு அசிங்கம்? இவர் வாக்குக் கொடுத்தாயிற்று.

மல்லிகைச் சரமும் ரோஜாவும் சுற்றி வண்டியை அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார்கள். சூரியன் இறங்குகிற நேரத்துக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பியது. இவர் ஓட்டினார். நான் பெண்களோடு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை எட்டி எட்டிப் பார்த்தேன். மேளக்காரர்கள் கடைத்தெரு முனையில் நின்று கால் மணி நேரம் வாசித்தார்கள், வண்டி உறுமிக்கொண்டே நின்றது. இரண்டு தெரு சுற்றி, கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஒரு தும்மல் இல்லை.

இவர் இறங்கி வந்தபோது நெஞ்சு ஒரு சாண் முன்னால் இருந்தது. "சரியாப் போச்சு பாத்தியா? திண்டிவனம் பெட்ரோல்!"

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பனமலை கோயிலுக்குப் போகவேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அது வேண்டுதல். அதே வண்டி. அவர்கள் பின்னால், நாங்கள் முன்னால். விழுப்புரம் ரோட்டில் ஏறியதும் இவர் ஒரு அழுத்து அழுத்தினார். காற்றில் மல்லிகைச் சரம் பறந்தது. பெண் முதன்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இழுத்தது, தும்மியது, நின்றது.

மாப்பிள்ளை நல்ல பையன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினான். கழுத்தில் மாலையோடு ஒரு ஆள் கார் தள்ளுவதைப் பார்த்து விழுப்புரம் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். "இன்னா மாப்ள, இப்பவே தள்ள உட்டாங்களா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் அதே பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பினோம். பெண்ணுக்கு ஜன்னல் ஓரச் சீட்டை யாரோ எழுந்து கொடுத்தார்கள். பனமலை விலக்கில் இறங்கி அங்கிருந்து மாட்டுவண்டியில் போனார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில். இவர் கையெல்லாம் கிரீஸ், தோளில் கல்யாணத்துக்குப் போட்ட அங்கவஸ்திரம். அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் நான் யோசிக்கவில்லை, குறை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. இன்றைக்கு அரை மணி ஓடவில்லை. அதே பெட்ரோல், அதே பிளக்கு, அதே வயர். நேற்று எஞ்சின் சூடு இதைவிட அதிகம், ஒரே இடத்தில் நின்று உறுமியதால் காற்றே படவில்லை. அப்படியானால் சூடு இல்லை. என்ன வித்தியாசம்? நேற்று மெல்லப் போனோம். இன்றைக்கு வேகமாக.

"ஏங்க, வேகமாப் போனா பெட்ரோல் அதிகமாக் குடிக்கும் இல்ல?"

"குடிக்கும். அதுக்கென்ன?"

"நேத்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுது, அந்தக் கொஞ்சம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு மடக்மடக்குன்னு கேக்குது, அவ்வளவு வரலை. எங்கியோ ஒரு இடத்துல பாதி அடைச்சுக்கிட்டு இருக்குது. முழுசா அடைச்சிருந்தா நேத்தும் நின்னிருக்கும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். டைப் அடிக்கிற பெண் பக்கம் முழுக்கத் தப்பே இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அப்போ திரும்பிப் போறப்போ மெல்ல போவோமா?" என்றேன். "நின்னா நான் சொன்னது தப்பு. நிக்காமப் போனா சரி."

போனோம். இரண்டாம் கியரில், மாட்டுவண்டிக்குக் கொஞ்சம் முன்னே, சைக்கிளுக்குக் கொஞ்சம் பின்னே. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் எங்களைத் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்து, நாங்கள் நலமா என்று கேட்டார். செஞ்சி மலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, பக்கத்தில் வராமல் வெகுநேரம் அப்படியே நின்றன. மத்தியானச் சாப்பாடு முடிந்து பந்தியெல்லாம் எடுத்தபிறகுதான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆனால் வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் ஷெட்டுக்கு மூன்று பேருமாகப் போனோம், வண்டியையும் சேர்த்து. நான் சொன்னதைப் பாய் கேட்டார். முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது. கேட்டு முடித்ததும் தாடியைத் தடவிக்கொண்டார்.

"டீச்சரம்மா சொல்றதுல ஞாயம் இருக்குது. நான் முன்னாடியே பாத்துக்கினு இருந்துட்டேன், பின்னாடி பாக்கவே இல்ல. சார், மொதல்ல அந்த சிகரெட்டத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. இங்க இல்ல, அந்தாண்ட, பஸ் ஸ்டாண்டுல."

கார்புரேட்டருக்கு வருகிற குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் விட்டார். சாவியைத் திருப்பச் சொன்னார். டிக்டிக்டிக்டிக். பெட்ரோல் கட்டை விரல் கனத்துக்குப் பீய்ச்சியது. பாட்டில் நிரம்பிவிட்டது, இன்னொரு பாட்டில். அது பாதி நிரம்புவதற்குள் பீய்ச்சுவது குறைந்து, நூலாகி, சொட்டாகியது. பம்பு சத்தமும் மாறியது.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மொதல்ல டைப்புல ஹையர் பரீட்சை பாஸ் பண்ண பொண்ணு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்போ நேத்து சேர்ந்த பொண்ணு, ஒத்த விரல்ல, எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற மாதிரி இருக்குது."

"கரெக்டு சார்" என்றார் பாய். "இழுக்க முடியாம இழுக்குது. வண்டி நிக்கசொல்ல இதே சத்தந்தானா?"

"இதேதான். இப்போதான் எனக்கே புரியுது."

இனி பம்பே கெட்டதா, பம்புக்கு வருவது கெட்டதா என்று பார்க்கவேண்டும். டேங்க்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன ரப்பர் ஓஸை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு டால்டா டப்பாவில் இருந்த பெட்ரோலுக்குள் விட்டார். சாவி. டிக்டிக்டிக்டிக்டிக். டப்பா காலியாகும் வரைக்கும் ஒரே வேகம், ஒரே கனம்.

"பம்பு மேல தப்பில்ல" என்றார் பாய், கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வது மாதிரி.

அடுத்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்து, டேங்க் பக்கம் போகிற குழாயில் வைத்து ஊதினார். நான் பின்னால் டேங்க்கின்மேல் காதை வைத்தேன். உள்ளே களக்களக் என்று சத்தம். குழாயை மறுபடியும் மாட்டிப் பார்த்தால் பிரமாதமாக வந்தது. இவர் கையைத் தட்டினார். பாய் கையைத் தூக்கி, இருங்கள் என்றார். இரண்டாவது பாட்டில் பாதியில் மறுபடியும் சொட்டு.

"குழாய்ல அழுக்கா இருந்தா ஊதினதும் போயிருக்கணும் இல்ல பாய்?" என்றேன்.

"போயிருக்கும். இது வந்து வந்து மூடுது. வண்டிய நிறுத்துனா உட்டுப்பூடுது. டேங்க்குக்குள்ள எதோ கீதுமா, மெதக்குற சாமான்."

டேங்க்கின் அடித்திருகைக் கழற்றி பெட்ரோல் முழுவதையும் கேனில் இறக்கினோம். பாய் ஒரு நீளக் கம்பியின் நுனியை வளைத்து, பெட்ரோல் ஊற்றுகிற வாய் வழியாக விட்டுத் துழாவினார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி, பொறுமையாக. ஒன்றிரண்டு தடவை ஏதோ சிக்கி நழுவியது. அப்புறம் மெல்ல வெளியே வந்தது ஒரு துணி. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. பாய் அதைப் பிழிந்து வெயிலில் விரித்தார்.

பச்சை. அதில் மஞ்சள் பொட்டு.

"இன்னாது இது, ஜாக்கெட்டுத் துணியாட்டம் இருக்குது?" என்றார் பாய்.

"அந்த டாக்டரு!" என்றார் இவர். "பாத்தியா, குப்பையெல்லாம் போட்டு நம்ம தலையில கட்டிட்டாரு. இன்னிக்கே லெட்டர் அடிக்கிறேன் அவருக்கு."

எனக்குக் காது சூடாகியது. அந்தப் பச்சைத் துணி டாக்டருடையது இல்லை. என்னுடையது. அதில் தைத்த ரவிக்கையை நான் ஒரு வருஷம் போட்டிருந்தேன், இந்த மனிதர் அதைக் கவனித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

வண்டி வந்த புதிதில் ஒரு நாள் இவர் மெட்ராஸ் போயிருந்தார். வீட்டில் ஒரு கேன் பெட்ரோல் இருந்தது. வண்டியை நானே கிளப்பிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கிளப்பிப் பார்க்கத்தான், ஓட்டுவதற்கு இல்லை. டேங்க் காலி என்று முள் காட்டியது. ரேஷன் கிருஷ்ணாயிலை ஸ்டவ்வுக்கு ஊற்றும்போது புனலில் ஒரு துணி போட்டு வடிகட்டுவேன், இல்லையென்றால் ஸ்டவ்வின் கண் அடைத்துக்கொள்ளும். அதே புனல், அதே யோசனை. கிழிந்த ரவிக்கையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு ஊற்றினேன். ஊற்றி முடித்துப் பார்த்தால் புனலில் துணி இல்லை. கீழே தேடினேன், காற்று தூக்கிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. உள்ளேதான் போயிருக்குமோ என்று. போனால் என்ன, துணிதானே, ஊறிக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். பெட்ரோலில் துணி கரையாது என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

இவர் டாக்டருக்கு எழுதப்போகிற கடிதத்தின் முதல் வரியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டர் கடல் கடந்து போய்விட்டார், கடிதம் போய்ச் சேருமோ சேராதோ. ஆனால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற அந்த பங்க்காரர் முகம் ஞாபகம் வந்தது.

"அது என் துணிங்க" என்றேன்.

இவருக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். பாய் சட்டென்று வேறு பக்கம் திரும்பி, தேய்த்த ஸ்பேனரையே தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

இவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஷெட் வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "பங்க்குல போயி அப்பிடிக் கத்தினேனே" என்றார்.

"ஆமா."

"நாலு பேரு இருந்தாங்க இல்ல?"

"லாரி ரெண்டு, டிராக்டரு, பைக்கு எல்லாம் இருந்துச்சு."

"நீ எண்ணிக்கினு வேற இருந்தியா?"

பாயால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். இவர்தான் முதலில் நிறுத்தினார்.

அன்றைக்கு மத்தியானமே பங்க்குக்குப் போனோம். நான் மட்டும் போகிறேன் என்றேன். "கத்தினது நானு, நானும் வருவேன்" என்றார் இவர். பங்க்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், வரவேற்பதற்கு இல்லை. நான் துணி விஷயத்தைச் சொன்னேன். இவர் கையைக் கூப்பி, "தப்பு என்னுதுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "பரவால்ல சார். எங்கிட்ட சொல்லிட்டீங்க. அன்னிக்கு நாலு பேருகிட்ட சொன்னீங்களே, அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? அதுல ஒருத்தரு பத்து வருஷமா நம்மகிட்டதான் டீசல் போட்டாரு. இப்ப வர்றதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வராமல் இவர் நேராக இன்ஸ்டிட்யூட் மாடிக்கு ஏறினார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டைத் திறந்து, தமிழ் மெஷினில் பேப்பரைச் சொருகினார்.

"இந்த பங்க்கில் பெட்ரோலில் தண்ணீர் கலப்பதாக நான் பொதுமக்கள் முன்னிலையில் சொன்னது முற்றிலும் தவறு" என்று அடித்தார். அதுவரைக்கும் சரி. "என் வண்டி நின்றதற்குக் காரணம் என் மனைவியின் கிழிந்த ரவிக்கை" என்று அடுத்த வரி.

"அய்யய்ய! அதை எடுங்க."

"உண்மையைத்தானே சொல்லணும்?"

"உண்மையைச் சொல்லுங்க. ரவிக்கையைச் சொல்லாதீங்க. என் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க எல்லாம் அந்த வழியாத்தான் போவுது."

அரை மணி நேரம் சண்டை. "துணி" என்றால் போதும் என்றேன் நான். யார் துணி என்று கேட்பார்கள் என்றார் இவர். கடைசியில் "எங்கள் கவனக்குறைவால் டேங்க்கில் விழுந்த துணி" என்று முடிந்தது. கீழே கையெழுத்து இவருடையது. நானும் போடுகிறேன் என்று வாங்கிப் போட்டேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்றை லாரி ஆபீசுக்கு இவரே கொண்டுபோய்க் கொடுத்து, அந்த டீசல் போடுகிறவரைப் பார்த்து வாயாலும் சொல்லிவிட்டு வந்தார். அவர் மறுபடியும் அந்த பங்க்குக்கு வர ஆரம்பித்தது தீபாவளிக்கு அப்புறம்தான்.

பங்க்காரர் தன் பிரதியை இரண்டு தடவை படித்தார். காலண்டருக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். அது பழுப்பு நிறமாகி ஓரம் சுருளும் வரைக்கும் அங்கேயே இருந்தது. வந்துபோகிறவர்கள் பெட்ரோல் இறங்குகிற நேரத்தில் அதைப் படித்தார்கள். என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த அவருடைய மகள் ஒரு நாள் எழுந்து, "டீச்சர், பெட்ரோல்ல துணி கரையுமா கரையாதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கரையாது என்று போர்டில் எழுதிப் போட்டேன்.

வண்டி அப்புறம் நிற்கவே இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கத்தான், துணியை எடுத்த அடுத்த வாரம் விழுப்புரம் ரோட்டில் கிளம்பினோம். புளியமரம் வந்தது, போனது. மண்டகப்பட்டு விலக்கு போனது. பனமலை விலக்கும் போனது. இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வந்துட்டோம்" என்றார்.

"வந்துட்டோம். இங்க நமக்கு என்ன வேலை?"

யோசித்துப் பார்த்தோம். ஒரு வேலையும் இல்லை. எங்களுக்கு விழுப்புரத்தில் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. எதிரில் இருந்த ஓட்டலில் ஆளுக்கு இரண்டு இட்லியும் காபியும் சாப்பிட்டோம். வாசலில் ஒரு அம்மா கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். கூடையோடு வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பினோம்.